இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை

டிசம்பர் வந்தால் எங்கள் ஊரில்
சூரியன் விடுப்பில் போய்விடும்.
வார்டோ நூலகத்தில் மதியம் பன்னிரண்டுக்கும் குழல்விளக்கு.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுகம்,
கறுப்புத் தண்ணீரில் மூன்று படகுகளின் வெளிச்சம்.

தலைமை நூலகர் சிஸெல் மஞ்சள் அட்டைகளைக் கொடுத்தாள்.
"இந்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த புத்தகம்.
ஆளுக்கு ஒன்று. நாற்பது சொல். வெள்ளி மாலைக்குள்."
அவளுடையதே முந்நூறு சொல் வந்தது:
கலங்கரை விளக்கக் காவலர்களின் வரலாறு, எழுநூறு பக்கம்.
அட்டை போதாமல் இன்னோர் அட்டை,
அதற்கும் கீழே ஒரு வால்.

குழந்தைகள் பகுதி எய்லிஃப்,
எட்டாவது காலுறையைத் தொலைத்த ஆக்டோபஸ் கதையைச் சொன்னான்.
"நாற்பத்தொரு தடவை உரக்க வாசித்தாயிற்று.
காலுறை எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்."

புத்தகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் தோர்பியோர்க் எழுதியது:
"தையல் நேர்த்தி. பசை ஒழுகவில்லை.
முதுகு வளைகிறது, உடையவில்லை.
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை."

பகுதிநேரப் பையன் ஆந்தேயின் தேர்வு
பனி ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கையேடு.
ஒரே வரி: "வண்டி ஓடுகிறது."
மனதுக்குள் அவனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன்.

என் அட்டை காலி.
மீன் ஆலையில் வேலை பார்ப்பவர்கள்
வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று
எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

வியாழன் காலை பலகையில் ஆறாவதாக ஓர் அட்டை.
குண்டூசி கிடைக்காமல் நாடாவால் ஒட்டியிருந்தது.
நாங்கள் கிளம்பியதும் வருகிற வைவா.
லித்துவேனியாக்காரி.
பெரிய பெரிய எழுத்து. அதில் ஓர் எழுத்துக்கு
தலையில் வைக்க வேண்டிய வட்டத்தை மறந்திருந்தாள்.

"மேல்மாடி, மூன்றாவது அலமாரி, பச்சை அட்டை.
தரை காயும்வரை தினம் மூன்று பக்கம் படித்தேன்.
அக்காவும் தம்பியும் ஒரு வீட்டை விற்கப் போகிறார்கள்.
கையெழுத்துப் போட அக்கா பேனாவை எடுக்கிறாள்.
இதுவரை சிபாரிசு செய்கிறேன். பக்கம் 212.
அதற்குமேல் தெரியாது.
மார்ச்சில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.
மெதுவாகப் படிக்கிற ஆள் போலிருக்கிறது.
நானும் அப்படித்தான்."

சிஸெல் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"யாரிடம் இருக்கிறது? பாரேன்."
திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டு
"வெளியே போயிருக்கிறது" என்றேன்.
பொய்யில்லை.
ஊழியருக்கு அபராதமும் இல்லை.

பச்சைப் புத்தகம் என் குளிர்சாதனப் பெட்டியின் தலையில்,
பல் மருத்துவரின் கடிதத்துக்கும்
தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் அடியில்.
ஒன்பது மாதத்தில் பன்னிரண்டு பக்கம்.

அன்றைக்குக் கோட்டைக் கழற்றாமலே ஆரம்பித்தேன்.
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.
அக்கா கையெழுத்துப் போட்டாளா என்று
இங்கே எழுத மாட்டேன்;
எய்லிஃப் காலுறையைக் காப்பாற்றுகிறான்,
நான் இதையாவது.

முடித்தபோது மணி பத்தேகால்.
காலி அட்டையை 212க்கும் 213க்கும் நடுவே வைத்தேன்.
கடல் பக்கமிருந்து காற்று,
புத்தகம் கோட்டுக்குள்.
சாவி பையில் இருந்தும்
முன்பின் தெரியாத ஆள் மாதிரி
வாசல் பெட்டியின் வாயில் அதைத் தள்ளினேன்.
தடாலென்று விழுந்தது.

மேல்மாடியில் தூசி உறிஞ்சியின் இரைச்சல் நின்றது.
படிகளில் காலடி. ஓடவில்லை, நடந்துதான் வந்தாள்.
நான்தான் ஓடினேன்.

வெள்ளிக்கிழமை, மேல்மாடித் தரையில்
ஜன்னலோரம் பாதிதான் துடைத்திருந்தது.
வாளி அங்கேயே.
தண்ணீர் ஆறி, அதில் விளக்கு மிதந்தது.
சிஸெல் வருவதற்குள் மீதியைத் துடைத்துவிட்டு,
காயட்டும் என்று
மூன்று பக்க நேரம்
நின்றேன்.